கல்கத்தாவில் இறந்த சீனத் தச்சர்: நன்னீர் மீன் ஒட்டுண்ணிகளின் வரலாறு

1874ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீனத் தச்சர் ஒருவர் இறந்தார். அவருக்கு வயது 20. அவரது உடலைக் கூறாய்வு செய்தவர் அக்கல்லூரியின் நோய்க்குறியியல் பேராசிரியரான ஜேம்ஸ் மெக்கனல். கல்லீரலைத் திறந்தபோது பித்த நாளங்கள் அடைபட்டிருந்தன. அடைத்திருந்தவை, இலைபோல் மெலிந்து நீண்ட தட்டைப்புழுக்கள். ஆடு மாடுகளின் கல்லீரலில் காணப்படும் தட்டைப்புழுவோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த மெக்கனல், இவை அவ்வினத்தைச் சேர்ந்தவையல்ல என்றும், அதுவரை விவரிக்கப்பட்ட வேறெந்த இனத்தையும் சேர்ந்தவையல்ல என்றும் முடிவுசெய்தார். 1875 ஆகஸ்ட் 21ஆம் நாளிட்ட லான்செட் இதழில், புதிய கல்லீரல் தட்டைப்புழு ஒன்றைப் பற்றிய அவரது கட்டுரை வெளியானது.

குளத்து மீனிலும் ஆற்று மீனிலும் புழு இருந்தால் அம்மீனை உண்ணலாமா என்ற கேள்வி, மீன் உண்ணும் எல்லா வீடுகளிலும் ஒருமுறையேனும் எழுந்திருக்கும். அக்கேள்விக்கு அறிவியல் விடைகண்ட வரலாற்றின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று, கல்கத்தாவின் அந்தக் கூறாய்வு மேசையில் எழுதப்பட்டது. ஆயினும் அன்று அந்த அறையில் இருந்த எவருக்கும், தம் முன் கிடந்த புழுவுக்கும் மீனுக்கும் தொடர்பு உண்டு என்று தெரியாது. அத்தொடர்பு புலப்பட மேலும் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அப்புழுவைச் சுற்றி எழுந்த எண்ணங்களும், பின்னர் அவை திருத்தப்பட்ட விதமும் இன்றைய சமையலறை வரை நீளும் பாடம் ஒன்றைக் கொண்டுள்ளன.

கல்கத்தாவில் சீனத் தச்சர் ஒருவர் இறந்தது வியப்புக்குரியதன்று. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுக் கரும்பு ஆலை நடத்திய சீனர் ஒருவரின் பெயரை அச்சிப்பூர் என்னும் ஊர் இன்றும் தாங்கி நிற்கிறது. அவருக்குப்பின் வந்த தலைமுறைகளில் சீனர்கள் நகரின் பௌபஜார், திரெட்டி பஜார் பகுதிகளில் குடியேறினர். அவர்களுள் தென்சீனாவின் குவாங்தொங் பகுதியிலிருந்து வந்த தச்சர்கள், கப்பல் தளங்களிலும் மரச்சாமான் பட்டறைகளிலும் தம் கைத்திறனால் பெயர்பெற்றிருந்தனர். மருத்துவக் கல்லூரியும் அவர்கள் வாழ்ந்த தெருக்களுக்கு அண்மையிலேயே இருந்தது. 1835இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியில்தான், மறு ஆண்டு மதுசூதன் குப்தா மனித உடலைக் கூறாய்வு செய்து, உயர்சாதி இந்துக்களிடையே நிலவிய தயக்கத்தை உடைத்தார். அந்த நிகழ்வுக்கு நாற்பது ஆண்டுகளுக்குள், கூறாய்வு அங்கு அன்றாடப் பணியாகியிருந்தது. உறவினர் சூழ இறப்பவர்களைவிட, தனியே வந்து மருத்துவமனையில் இறக்கும் தொழிலாளர்களின் உடல்களே அம்மேசைக்கு எளிதில் வந்துசேர்ந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மருத்துவ இலக்கியம் அந்த இளைஞரை அவருடைய இனம், வயது, தொழில் ஆகிய மூன்றாலும் மட்டுமே நினைவுகூர்கிறது.

புழுவுக்கோ உடனே பெயர் கிடைத்தது. ஆங்கிலேய ஒட்டுண்ணியியலாளர் ஸ்பென்சர் கோபால்டு அதே 1875இல் அதற்கு டிஸ்டோமா சைனென்சி எனப் பெயரிட்டார். ‘சீனத்துக்குரியது’ என்பது அதன் பொருள். பின்னர் 1907இல் ஆர்தர் லூஸ் அதைப் புதிய பேரினத்தில் சேர்த்தபோது குளோனார்கிஸ் சைனென்சிஸ் என்றானது. பேரினம் மாறியபோதும் நாட்டின் பெயர் மாறவில்லை. இந்தியாவில், ஆங்கிலேயர் நடத்திய மருத்துவமனையில் கண்டெடுக்கப்பட்ட ஓர் உயிரினம், அது தங்கியிருந்த உடலுக்குரியவரின் தேசத்தைத் தன் பெயராகக் கொண்டது. பெயர்களுக்கு ஓர் ஆற்றல் உண்டு. அவை ஒரு விளக்கத்தைத் தந்துவிட்டதுபோன்ற தோற்றத்தை ஏற்படுத்தும். சீனருக்குரிய நோய் என்று சொன்னவுடன், அது எங்கிருந்து வருகிறது, எவ்வழியே உடலுக்குள் நுழைகிறது என்ற கேள்விகள் விடைபெற்றுவிட்டதாகத் தோன்றலாம். உண்மையில் அக்கேள்விகள் அப்போது தொடப்படவே இல்லை.

மெக்கனலின் கட்டுரை அச்சேறிய அதே 1875இல், இலண்டனில் மற்றொரு பெருநூலின் வெளியீடும் தொடங்கியது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் மருத்துவராகச் சேர்ந்து, பின் மீன்வளத் தலைமை ஆய்வாளராக உயர்ந்த பிரான்சிஸ் டே எழுதிய இந்திய மீன்கள் பற்றிய நூல் அது. 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலில் கட்லா, ரோகு, கெண்டை, விரால், வாளை எனத் துணைக்கண்டத்தின் மீன்கள் செதில் எண்ணிக்கை முதல் துடுப்பு முள் வரை விவரிக்கப்பட்டன. ஒருபுறம் மீனின் உடலைத் துல்லியமாக வரைந்த அறிவும், மறுபுறம் மனிதக் கல்லீரலில் புழுவின் உடலைத் துல்லியமாக வரைந்த அறிவும் ஒரே ஆண்டில் நூலக அடுக்குகளில் அருகருகே வந்து அமர்ந்தன. இரண்டையும் இணைக்கும் கோடு அப்போது யார் கையிலும் இல்லை.

அக்கோட்டுக்கான குறிப்புகள் ஏற்கெனவே சிதறிக் கிடந்தன. அவற்றுட் பல மனிதரிடமிருந்து வரவில்லை. மீனைப் பச்சையாகத் தின்னும் விலங்குகளிடமிருந்து வந்தன. 1836இல் ரிச்சர்ட் ஓவன், இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் இறந்த புலி ஒன்றின் இரைப்பைச் சுவரில், தலையைச் சுற்றி முள்வரிசை கொண்ட உருளைப்புழுவைக் கண்டு நத்தொஸ்டோமா ஸ்பினிஜெரம் எனப் பெயரிட்டார். 1872இல் திமோதி லூயிஸ், டேவிட் கன்னிங்காம் ஆகிய இரு மருத்துவர்கள் கல்கத்தாத் தெருநாய்களின் கல்லீரலில் ஒரு தட்டைப்புழுவைக் கண்டனர். 1878இல் ஆம்ஸ்டர்டாம் காட்சியகத்துப் புலியின் நுரையீரலிலிருந்து பாராகோனிமஸ் என்னும் நுரையீரல் தட்டைப்புழு விவரிக்கப்பட்டது. 1886இல் ஒபிஸ்தார்கிஸ் விவெரினி என இன்று அறியப்படும் தட்டைப்புழுவை விவரித்த பிரெஞ்சு அறிஞர் பொய்ரியே, அது வாழ்ந்த மீன்பிடிப் பூனையின் பெயராலேயே அதை அழைத்தார். புலி, நாய், பூனை ஆகிய மூன்றும் நீரில் வாழ்பவற்றைப் பச்சையாகத் தின்னக்கூடியவை. இந்த ஒற்றுமையைப் பின்னோக்கிப் பார்க்கும்போது எளிதில் உணரலாம். அன்று அவை ஒவ்வொன்றும் தனித்தனி வியப்புகளாகவே இருந்தன.

இவ்விடத்தில் மெக்கனலின் இரண்டாவது கட்டுரை முக்கியத்துவம் பெறுகிறது. சீனத் தச்சரின் கூறாய்வுக்குப்பின் ஈராண்டு கடவாமல், 1876இல் அவர் லான்செட் இதழில் மீண்டும் எழுதினார். லூயிசும் கன்னிங்காமும் தெருநாய்களில் கண்ட தட்டைப்புழுவோடு ஒத்ததாக அவர் கருதிய புழு, இம்முறை கல்கத்தாவில் இறந்த ஓர் இந்தியரின் கல்லீரலில் இருந்தது. பித்த நாளத் தட்டைப்புழு சீன உடலுக்கே உரியதன்று என்பதற்கான சான்று இவ்வாறு அதே மேசையிலேயே கிடைத்துவிட்டது. எனினும் பாடநூல்களில் நிலைத்தது முதல் கட்டுரைதான். இரண்டாவது அடிக்குறிப்பாகச் சுருங்கியது. எந்தச் சான்று தலைப்பாகிறது, எது அடிக்குறிப்பாகிறது என்பதைச் சான்றின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது சிறிய, ஆனால் தெளிவான எடுத்துக்காட்டு.

இணைப்புக்கோடு ஜப்பானிலிருந்து வந்தது. அந்நாட்டின் சில ஆற்றோரப் பகுதிகளில் கல்லீரல் தட்டைப்புழு நோய் பரவலாக இருந்ததால், அங்குள்ள ஆய்வாளர்களுக்கு அது தொலைதூரத்து வியப்பாக இருக்கவில்லை; ஊர்த் துன்பமாக இருந்தது. 1910ஆம் ஆண்டை ஒட்டி ஹருஜிரோ கோபயாஷி, நன்னீர் மீன்களின் தசையில் கூடுகட்டி உறைந்திருந்த நுண்ணிய இளம்புழுக்களைக் கண்டார். அம்மீன்களை விலங்குகளுக்கு ஊட்டியபோது அவற்றின் கல்லீரலில் முதிர்ந்த தட்டைப்புழுக்கள் வளர்ந்தன. 1918இல் மசாதொமோ முத்தோ, மீனுக்கு முந்தைய தங்குமிடமான நத்தையை அடையாளம் கண்டார். மெக்கனல் புழுவைக் கண்டு நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதன் வாழ்க்கை வட்டம் முழுமையாயிற்று.

அவ்வட்டம் இதுதான். நோயுற்ற மனிதர் அல்லது விலங்கின் மலத்தோடு புழுவின் முட்டை நீரை அடைகிறது. குறிப்பிட்ட சில நன்னீர் நத்தை இனங்கள் அம்முட்டையைத் தின்கின்றன. நத்தைக்குள் இளம்புழு பல்கிப் பெருகி, வால் முளைத்து நீரில் நீந்தி, கெண்டைக் குடும்பத்து மீனின் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகுகிறது. அங்கே வாலை உதிர்த்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மெட்டாசெர்க்கேரியா எனப்படும் அக்கூட்டின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பவரின் குடலில் கூடு கரைய, வெளிப்படும் இளம்புழு பித்த நாளத்தின் வழியே மேலேறிக் கல்லீரலை அடைகிறது. ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை வளரும் அது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழவல்லது.

இந்த அறிவைக் கொண்டு 1874ஆம் ஆண்டுக்குத் திரும்பினால், தச்சரின் கல்லீரலில் புழுக்கள் வந்த வழி ஓரளவு தெளிகிறது. குவாங்தொங் பகுதியில் மெல்லியதாக அரிந்த நன்னீர் மீனைப் பச்சையாகவும், சூடான அரிசிக் கஞ்சியில் இட்டும் உண்ணும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கஞ்சியின் சூட்டில் மீன் வெளுத்தாலும் உள்ளே வேகாமல் இருக்கக்கூடும். கப்பலேறுமுன் தாயகத்தில் உண்ட மீனிலிருந்தே அப்புழுக்கள் அவருடன் கடல் கடந்து வந்திருக்க வேண்டும் என்பது பொருத்தமான விளக்கம். அவரைத் தாக்கியது சீனராகப் பிறந்தது அன்று. நத்தையும் மீனும் மலக்கழிவும் ஒரே குளத்தில் சேரும் நிலமும், அக்குளத்து மீன் நெருப்பைத் தொடாமல் தட்டுக்கு வந்த ஒரு வேளையும்தான்.

அப்படியானால் வங்கத்தில் ஏன் அந்நோய் வேரூன்றவில்லை? கல்கத்தாவில் புழுவைச் சுமந்த மனிதர்கள் இருந்தனர். கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கோ வங்கத்தில் பஞ்சமே இல்லை. கட்லாவும் ரோகுவும் மிருகாலும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் வட்டத்தின் இரு கண்ணிகள் அங்கே பொருந்தவில்லை. அப்புழுவை ஏற்று வளர்க்கும் முதன்மையான நத்தை இனங்கள் கிழக்கு ஆசியாவுக்குரியவை. மற்றொரு கண்ணி அடுப்பில் அறுந்தது. வங்கச் சமையலில் மீன் துண்டுகள் மஞ்சளும் உப்பும் தடவப்பெற்று, பெரும்பாலும் கடுகெண்ணெயில் வறுபட்டு, அதன்பின் குழம்பில் கொதிக்கின்றன. இருமுறை நெருப்பைக் காணும் மீன் அது. அவ்வழக்கம் சுவைக்காகத் தோன்றியது. எவரும் ஒட்டுண்ணியை எண்ணி அதை வகுக்கவில்லை. ஆயினும் அதன் விளைவு ஒரு பொதுச் சுகாதார ஏற்பாட்டுக்கு இணையானது. மஞ்சளும் மிளகாயும் புழுவைக் கொல்லும் என்று சிலர் நம்புவதுண்டு. கொல்வது சூடு, மசாலா அதனுடன் பயணிக்கிறது, அவ்வளவே.

ஆனால் இந்தியச் சமையல் முழுவதும் இவ்வாறு காப்புடையது என்று கருதுவது தவறாகும். ஓவன் புலியிடம் கண்ட நத்தொஸ்டோமா இதற்கு ஒரு சான்று. அதன் வாழ்க்கை வட்டத்தை 1930களில் தாய்லாந்தின் பிரோம்மாஸ், தாயெங்ஸ்வாங் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கினர். நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய ஓட்டுயிரியிலிருந்து விரால் போன்ற மீன்களுக்கும் விலாங்குக்கும் தவளைக்கும் அது செல்கிறது; அவற்றைத் தின்னும் பூனை, நாய், புலி ஆகியவற்றின் இரைப்பையில் முதிர்கிறது. மனிதர் அதற்கு உரிய ஓம்புயிர் அல்லர். ஆகவே மனித உடலில் முதிர இயலாத இளம்புழு, வழி தெரியாமல் அலைகிறது. தோலுக்கடியில் இடம்மாறும் வீக்கமாகவும், சில வேளைகளில் கண்ணிலோ மூளையிலோ நுழைந்து பேராபத்தாகவும் அது வெளிப்படுகிறது. 1945இல் சென், கோஷ் ஆகிய இரு மருத்துவர்கள் பிரித்தானியக் கண்மருத்துவ ஆய்விதழில், கண்ணுக்குள் இப்புழு புகுந்த நிகழ்வைப் பதிவுசெய்தனர். அதன்பின் இந்தியாவின் வேறு பகுதிகளிலிருந்தும் இத்தகைய கண்நோய்க் குறிப்புகள் அவ்வப்போது வந்துள்ளன. எண்ணிக்கையில் குறைவு என்பது, பார்வை இழந்தவருக்கு ஆறுதலாகாது.

இதனினும் விரிவான பாடம் மணிப்பூரிலிருந்து வந்தது. ஆம்ஸ்டர்டாம் புலியின் நுரையீரலில் கண்ட புழுவின் உறவினங்கள் மீனில் தங்குவதில்லை. நன்னீர் நண்டில் தங்குகின்றன. ஆயினும் நீரிலிருந்து தட்டுக்கு வரும் பாதை ஒன்றே என்பதால், அவ்வரலாறு இங்கே சேர்த்துப் பார்க்கத்தக்கது. மணிப்பூரின் மலையோடைகளில் கிடைக்கும் நண்டைப் பச்சையாகவோ, தீயில் மேலோட்டமாக வாட்டியோ உண்ணும் வழக்கம் சில சமூகங்களில் உண்டு; மருந்தாக உண்போரும் இருந்தனர். 1980களின் தொடக்கத்தில், நீடித்த இருமலும் சளியில் இரத்தமும் கண்ட நோயாளிகள் சிலரிடம் நுரையீரல் தட்டைப்புழுவின் முட்டைகள் கண்டறியப்பட்டன. அதற்குமுன், அறிகுறிகளின் ஒற்றுமையால் இத்தகைய நோயாளிகள் காசநோயாளிகள் எனக் கொள்ளப்பட்டு, அதற்குரிய மருந்துகளை மாதக்கணக்கில் உட்கொண்டு குணமாகாமல் தவித்தனர். அடுத்தடுத்த ஆய்வுகள் அங்கு நோய்க்குக் காரணமான முதன்மை இனம் பாராகோனிமஸ் ஹெட்டிரோட்ரீமஸ் என நிறுவின. நாகாலாந்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் நோய் கண்டறியப்பட்டது. பிராசிகுவாண்டெல் என்னும் மருந்தைச் சில நாட்கள் உட்கொண்டாலே தீரக்கூடிய நோய் அது.

மணிப்பூர் நிகழ்வில் கல்கத்தாவின் தவறு வேறு வடிவில் திரும்பியது எனலாம். அன்று நோயாளியின் தேசம் நோயின் பெயராயிற்று; பின்னர் நோயாளியின் இருமல் நோயின் பெயராயிற்று. “அண்மையில் என்ன உண்டீர்கள், அது எவ்வாறு சமைக்கப்பட்டது?” என்ற எளிய கேள்வி இரண்டு இடங்களிலும் தாமதமாகவே கேட்கப்பட்டது. கேட்கும் விதமும் இங்கே முக்கியம். உணவு வழக்கத்தை இழிவாகப் பேசும் மருத்துவரிடம் எவரும் உண்மையைச் சொல்வதில்லை. வடகிழக்கு மாநில மாணவர்கள் பெருநகரங்களில் தம் உணவின் பெயரால் ஏளனம் செய்யப்படும் நாட்டில், இது வெறும் நன்னடத்தை பற்றிய செய்தியன்று. நோயறிதலின் முதல் நிபந்தனை.

இனி, சமையலறைக் கேள்விக்கு வரலாம். மீனை அறுக்கும்போது புழுவைக் காண்பவர் பெரும்பாலும் அருவருப்படைந்து மீனையே எறிகிறார். கண்ணுக்குத் தெரியும் புழுக்களுள் பல மனிதரை ஒன்றும் செய்யாதவை. வாளை மீனின் காற்றுப்பையில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள கருமையான தட்டைப்புழு ஒன்று அடிக்கடி காணப்படும். விரால் வகை மீன்களின் ஈரலிலும் தசையிலும் காணப்படும் மஞ்சள் நிற முடிச்சுகள், மீன் தின்னும் நீர்ப்பறவையின் வயிற்றை எதிர்நோக்கியிருக்கும் இளம்புழுக்கள். வளர்ப்புக் குளத்துக் கெண்டைகளின் தோலில் ஒட்டியிருக்கும் மீன்பேனும், தசையில் தலை புதைத்துத் தொங்கும் நங்கூரப்புழுவும் உண்மையில் இறால், நண்டு ஆகியவற்றின் தொலைதூர உறவினங்கள். அவை மீன் வளர்ப்போருக்குப் பேரிழப்பைத் தருபவை. உண்பவரின் உடலில் வாழ இயலாதவை. பாதிக்கப்பட்ட பகுதியை நீக்கிவிட்டு நன்கு சமைத்தால் அத்தகைய மீனை உண்பதில் தீங்கில்லை. மிகுதியாகத் தாக்குண்டு தசை நைந்த மீனைத் தவிர்ப்பது தரம் கருதிய முடிவு.

மாறாக, கல்லீரலை அடையும் தட்டைப்புழுவின் கூடு கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுமக்கும் மீன் துள்ளும், செவுள் சிவந்திருக்கும், கண் ஒளிரும். சந்தையில் மீனின் புதுமையை அறியப் பயன்படும் எந்த அடையாளமும் அதைக் காட்டிக்கொடுக்காது. அருவருப்பு ஒரு நல்ல காவலாள்தான். ஆனால் அவன் பார்க்கக்கூடியதை மட்டுமே தடுப்பான். ஆகவே, புழு கண்ணில் பட்டதா என்பதைக் கொண்டு மீன் பாதுகாப்பானதா என்று முடிவுசெய்ய இயலாது. அம்மீன் முழுமையாக வெந்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அதற்கான அளவுகள் இன்று தெளிவாக உள்ளன. மீன் தசையின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைய வேண்டும் என்பது அமெரிக்க உணவு ஒழுங்குமுறை அமைப்பின் அறிவுரை. கொதிக்கும் குழம்பில் வேகும் மெல்லிய துண்டு இதனை எளிதில் கடந்துவிடும். முழு மீனைத் தணலில் சுடும்போதே கவனம் தேவை. தோல் கருகிய பின்னும் முள்ளை ஒட்டிய தசை பச்சையாக இருக்கக்கூடும். தசை கண்ணாடித் தன்மை இழந்து வெளுத்து, முள்ளிலிருந்து எளிதில் பிரிந்தால் வெந்துவிட்டது எனக் கொள்ளலாம். பச்சையாக உண்ணவுள்ள மீனை உறைநிலைக்குக் கீழ் 20 டிகிரியில் ஏழு நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே அமைப்பு கூறுகிறது. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி அந்த அளவை எப்போதும் எட்டுவதில்லை. எலுமிச்சைச் சாறும் வினிகரும் மீன் தசையை வெளுக்கச் செய்து வெந்ததுபோலக் காட்டும். கூட்டுக்குள் இருக்கும் புழுவை அவை நம்பத்தக்க வகையில் கொல்வதில்லை. சிறிதளவு உப்பும், சில நாள் புளிப்பேற்றமும், மதுவும் அவ்வாறே. பச்சை மீனை அரிந்த கத்தியும் பலகையும் கழுவப்படாமல் வெள்ளரிக்காய்க்குப் பயன்படுமானால், வெந்த மீனும் காப்பாற்றாது.

இவ்வளவு கவனம் தேவையா என்ற ஐயத்துக்குப் பதில் மேகாங் ஆற்றுப் படுகையில் இருக்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கிலும் லாவோசிலும் நறுக்கிய பச்சை மீனை எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து உண்ணும் வழக்கம் உள்ள ஊர்களில், மீன்பிடிப் பூனையின் பெயர்தாங்கிய தட்டைப்புழு மனிதரிடையே பரவலாக வாழ்கிறது. ஆண்டுக்கணக்கில் பித்த நாளத்தில் தங்கும் புழு, அதன் சுவரை ஓயாமல் புண்ணாக்குகிறது. அப்பகுதியில் பித்த நாளப் புற்றுநோய் உலகிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் அப்புழுவையும், 2009இல் கல்கத்தாவில் முதலில் காணப்பட்ட குளோனார்கிஸ் புழுவையும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என உறுதிசெய்யப்பட்ட முதல் வகுப்பில் சேர்த்தது. ஓர் உணவு வழக்கம் முப்பது ஆண்டுகள் கழித்து உயிரைக் கேட்கும்போது, உண்டவருக்கு உண்ட வேளை நினைவில் இருப்பதில்லை.

இந்தியப் பெருநகரங்களில் பச்சை மீன் உணவு இப்போது புதிய நாகரிகமாகியுள்ளது. ஜப்பானிய முறைப்படி முறையாக உறையவைத்த கடல் மீனைக் கொண்டு தயாரிப்போர் ஒருபுறம் இருக்க, அதே செய்முறையை உள்ளூர் நன்னீர் மீனுக்குப் பொருத்திப் பார்க்கும் ஆர்வமும் எழக்கூடும். வங்கத்து வீடுகளில் கடுகெண்ணெய்ச் சட்டி தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பணியை, அங்கே வேறு எதுவும் செய்யாது. பழக்கத்தால் கிடைத்த காப்பு, பழக்கம் மாறும்போது சொல்லாமல் விடைபெறும். அக்காப்பு ஏன் இருந்தது என்ற அறிவு மட்டுமே அதன் இடத்தை நிரப்ப இயலும்.

நன்னீர் மீன் நல்ல உணவு. ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் ஏழை மக்களுக்கு எட்டக்கூடிய புரதம் அது. புழுவின் பெயரால் அதை அஞ்சி ஒதுக்குவது, புழுவை அறியாமல் பச்சையாக உண்பதற்கு நிகரான பிழை. 1836இன் புலி முதல் மணிப்பூரின் இருமல் வரை நீளும் இவ்வரலாற்றில், ஒட்டுண்ணி ஒருமுறைகூட ஓர் இனத்தையோ நாட்டையோ தேடிச் சென்றதில்லை. நத்தையும் மீனும் மலக்கழிவும் பச்சையான உணவும் சேரும் பாதை திறந்திருந்த இடங்களில் மட்டுமே அது சென்றது. அப்பாதையைக் கழிப்பறையிலும் அடைக்கலாம், அடுப்பிலும் அடைக்கலாம்.

கல்கத்தாவில் இறந்த இளைஞரின் கல்லீரலிலிருந்து எடுக்கப்பட்ட புழு, இன்று உலகின் எல்லா ஒட்டுண்ணியியல் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதன் பெயரின் பிற்பகுதி அவரது நாட்டைச் சுட்டுகிறது. தேர்வுக்காக அப்பெயரை மனப்பாடம் செய்யும் மாணவர், அச்சொல்லுக்குப் பின்னால் தாயகத்திலிருந்து வெகுதொலைவில் மரவேலை செய்து பிழைத்த, இருபது வயதான ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்து நினைவிற்கொள்ளலாம். மீனை வேகவைத்து உண்ண வேண்டும் என்று இன்று நாம் அறிவதில் அவரது உடலுக்கும் பங்குண்டு.